அண்ணனுக்குத் தேய்த்த முந்நூறு சிப்ஸ்

புதுச் சிப்ஸின் விளிம்பு கையை அறுக்கும். சூதாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கிறார்களே, வட்டமாக, கனமாக, அந்தச் சிப்ஸைத்தான் சொல்கிறேன். பார்க்க அழகாக இருக்கும். தொட்டால்தான் தெரியும். அச்சில் வார்த்து அப்படியே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள் போல, மேலேயும் கீழேயும் ஓரம் கூராக நிற்கும். ஒன்றிரண்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை எடுத்து எடுத்து அடுக்கினால் விரல் இடுக்கில் தோல் கீறிக்கொண்டே போகும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பன்னிரண்டு வயதில் நான் முந்நூறு சிப்ஸின் விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறேன். அண்ணனுக்காக.

அண்ணன் இப்போது இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் டெங்கிக் காய்ச்சல் வந்து ஆறாவது நாள் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது. நான் பதினாறு வயதில் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போல் இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொல்லவே முடியாது.

நாங்கள் அப்போதும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில்தான் இருந்தோம். அப்பா பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை விற்று எல்லாரையும் காலி செய்யச் சொன்ன பிறகு ஈப்போவுக்கு வந்து, ஒரு பலகைத் தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற ஆட்களின் பெயரை நோட்டில் எழுதும் வேலை. அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் மங்கு, கோப்பை கழுவினார். அண்ணன் டயர் கடையில் இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நடுவில் ஒன்று பிறந்து தங்கவில்லை என்று அம்மா சொல்வார்.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வருவார், அவ்வளவு உயரம். நெட்டை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். சுற்றுலாக் கப்பல் ஒன்றில் சூதாட்ட மேசைக்கு ஆள் எடுக்கிறார்களாம். சீட்டுப் போடவும் சிப்ஸை எண்ணித் தள்ளவும் தெரிந்தால் போதுமாம். ஜனவரி மாதம் ஈப்போவில் ஒரு ஹோட்டலுக்கு ஏஜெண்டு வந்து கையைப் பார்த்து ஆள் பிடிக்கப் போகிறாராம்.

"கையப் பாக்கறதுன்னா, ஜோசியமா?" என்று அம்மா கேட்டார்.

"இல்ல ஆண்ட்டி, கை வேகம். இருவது சிப்ஸ அடுக்கி வைப்பான். ஒரே கையில அஞ்சு அஞ்சா நாலு பங்கு போடணும். கண்ணு சிப்ஸப் பாக்கக் கூடாது. கண்ணு ஆளுங்க மேல இருக்கணும்."

"இவன் சோத்தயே பாக்காமதான் திங்கிறான். கெடச்சிரும்லா," என்றார் அம்மா.

இரண்டு பேரும் பழைய டவுனில் ஒரு சீனர் கடையில் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிவந்தார்கள். அலுமினியப் பெட்டி. திறந்தால் உள்ளே வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று வரிசையாக முந்நூறு. எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு அழகான சாமான் அதற்கு முன்னால் வந்ததில்லை.

அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"என்னாடா இது?"

"கப்பல் வேலைக்குப்பா. பழகணும்."

"தோட்டத்துல சீட்டு வெளாண்டு பொண்டாட்டி தாலிய வித்தவன நான் பாத்திருக்கேன். இப்ப என் வீட்டுக்குள்ளாறயே பெட்டி வந்துருச்சு."

"நான் வெளாடப் போவலப்பா. வெளாடறவனுக்குப் பங்கு போடப் போறேன்."

"அது இன்னும் நல்ல வேலலா."

அண்ணன் பெட்டியை மூடிவிட்டுச் சோறு போட்டுக்கொள்ளப் போனான். அந்த வருடம் முழுக்க அவர்களுக்குள் இப்படித்தான் இருந்தது. ஒருவர் பேசினால் மற்றவர் சாப்பிடுவார். டயர் கடை வேலையையும் அப்பா மதித்ததில்லை. ஒன்பது மாதம் கப்பலில் இருந்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சின்னக் கறுப்பு டையுமாக ஈப்போவில் வந்து இறங்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னான். அந்தச் சட்டையோடு நேராக அப்பாவின் கேட்டுக்குப் போய் நிற்கப் போவதாகவும் சொன்னான்.

"நின்னு என்னாண்ணே பண்ணுவ?"

"ஒன்னும் பண்ண மாட்டேன். என் பேர எழுதச் சொல்வேன்."

அம்மாவுக்கு வேறு கவலை. சூதாட்டச் சாமானைச் சாமி படம் இருக்கிற கூடத்தில் வைக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தார். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மூடியில் குங்குமம் வைத்து, துணி அலமாரியின் மேலே ஏற்றிவிட்டார். யாராவது கேட்டால் "கப்பல்ல வேல" என்று மட்டும் சொல்ல வேண்டும், எந்த வேலை என்று சொல்லக் கூடாது என்று எனக்குத் தனியாக உத்தரவு போட்டார்.

வருடக் கடைசி விடுமுறை தொடங்கியிருந்தது. ஆறாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து நான் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னாலும், சாயங்காலம் வந்து குளித்த பிறகும், சாப்பாட்டு மேசையில் பச்சைப் போர்வையை விரித்துப் பழகினான். நான்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் பணக்காரி. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிப்ஸை அடுக்கிப் பங்கு போட வேண்டும்.

மூன்றாவது நாளே விரல் இடுக்கெல்லாம் கீறல். டயர் கடையில் கிரீஸ் போவதற்கு ஒரு மணல் சோப்பு வைத்திருப்பார்கள். அது பட்டு அவனுக்குக் கை எரிந்தது. சோற்றைப் பிசையும்போது ரசம் பட்டால் கையை உதறுவான். அப்பா பார்த்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டான்.

"கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடியே தொர ஆயிட்டான்," என்றார் அப்பா.

எனக்கு அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு, நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து ஒரு வெள்ளைச் சிப்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளைத் தூள் விழுந்தது. ஓரம் கொஞ்சம் மழுங்கியது. சாயங்காலம் அதை அவன் கையில் கொடுத்தேன். அவன் கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தான். மறுபடியும் தடவிப் பார்த்தான்.

"எப்படி பாப்பா பண்ண?"

மறுநாள் டயர் கடையிலிருந்து மணல்தாள் கொண்டுவந்தான். நைஸ் தாள், முரட்டுத் தாள் இரண்டும். அரத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. தாளைத் தரையில் ஒட்டிவிட்டு, சிப்ஸைச் சாய்வாகப் பிடித்துச் சக்கரம் மாதிரி உருட்ட வேண்டும். முரட்டுத் தாளில் மூன்று சுற்று, நைஸ் தாளில் ஐந்து சுற்று. பிறகு புரட்டிப் பிடித்து அதே போல. அதிகம் அழுத்தினால் சிப்ஸ் சின்னதாகிவிடும், அழுத்தாவிட்டால் கூர் போகாது. கடைசியில் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால், வருடக்கணக்காகக் கை பட்டுப் பழகிய சாமான் மாதிரி வழவழவென்று வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு செய்வேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். என் கை உருட்டிக்கொண்டிருக்கும்.

நெட்டை அண்ணனின் கையில் அப்போது எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். அவரும் அதே சிப்ஸில்தான் பழகினார், ஆனால் தேய்த்துக் கொடுக்க ஆளில்லை. ஒரு நாள் வந்து நான் தேய்த்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, எனக்கும் தேச்சுக் குடேன். கெண்டக்கி கோழி வாங்கித் தரேன்," என்றார்.

நான் சரி என்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "ஒன் வேலைய நீ பாரு மச்சான். இது என் தங்கச்சி."

"ஒரு பத்து மட்டும்லா."

"பத்துமில்ல, ஒன்னுமில்ல. ஒங்கம்மாகிட்ட சொல்லி ஒரு தங்கச்சி பெத்துக்க."

நெட்டை அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கோழி போனதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

அந்த விடுமுறையில்தான் எனக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதானால் எடுத்தாக வேண்டும். அண்ணன்தான் மோட்டோவில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடித் தட்டில் பெருவிரலை வைக்கச் சொன்னார் அங்கிருந்த மலாய் அக்கா. வைத்தேன். இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். எடுக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே இல்லை, தேய்ந்து பளபளவென்று இருந்தது. இந்தப் பிள்ளை வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று மலாயில் கேட்டார்.

"ராஜின் சூச்சி பிங்கான், காக்," என்றான் அண்ணன். மங்கு கழுவுவதில் சுறுசுறுப்பு என்று அர்த்தம். நான் அதுவரை வீட்டில் ஒரு மங்குகூடக் கழுவியதில்லை. அந்த அக்கா என்னைப் பாவமாகப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டோ பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"போதும் பாப்பா. இனி தேய்க்காத. மீதிய அப்படியே வுட்டுரு."

மீதி என்றால் கறுப்பு மட்டும்தான், ஐம்பது. அன்றைக்கே அவன் அந்த ஐம்பதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எங்கேயோ ஒளித்துவைத்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை. இருநூற்று ஐம்பதைத் தேய்த்துவிட்டு ஐம்பதை விட்டால் எப்படி. இரண்டு நாள் தேடி, அரிசித் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஐம்பதையும் தேய்த்து முடித்தேன். பெட்டியில் வரிசையாக அடுக்கி அவன் முன்னால் திறந்துகாட்டியபோது, திட்டுவான் என்று நினைத்தேன். அவன் பெட்டியை மூடிவிட்டு என் தலையில் கை வைத்தான்.

முந்நூறும் ஒரே மாதிரி ஆன பிறகு அவன் கை எங்கேயோ போய்விட்டது. விளிம்பு மழுங்கினால் அடுக்கில் ஒரு சிப்ஸுக்கும் அடுத்த சிப்ஸுக்கும் நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அவன் ஆள்காட்டி விரல் அந்தப் பள்ளத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுக்கொண்டே இறங்கி, ஐந்தாவதில் நின்று வெட்டும். என் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே நாலு பங்கு போடுவான். ஒரு நாள் அப்பா கதவோரம் நின்று அதைப் பார்த்தார். அண்ணனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சத்தம் இல்லாமல் குளிக்கப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒன்பது மாசம் வரமாட்டானாம். தீவாளிக்குக்கூட லீவு இல்லியாம்." ஒன்பது மாதம் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் தீபாவளியை வைத்து நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அவன் இல்லாத வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சாப்பிட உட்கார்வதை நினைத்துப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போனபோது, முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அண்ணனுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது. கிடைக்காமல் செய்தால் தைப்பூசத்துக்கு மொட்டை போடுகிறேன். நான் வேண்டிக்கொண்டது மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது.

வேண்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அவனுக்கு எதிரே பணக்காரியாக உட்கார்ந்தேன். அவ்வளவு திருட்டுப் பிள்ளையாக நான் இருந்திருக்கிறேன்.

கையைப் பார்க்கும் நாள் வந்தது. அம்மா வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அப்பா அதற்கு முன்னமே வேலைக்குப் போய்விட்டார், நல்லா செய்துட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வாசலில் அவருடைய கறுப்புச் சப்பாத்து பாலிஷ் போட்டு வைத்திருந்தது. ஜாகா உடுப்புக்குப் போடுகிற சப்பாத்து, அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்பா அன்றைக்குச் சிலிப்பரோடு வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நுனியில் பேப்பரைச் சுருட்டி வைத்துக் காலை நுழைத்தான். நெட்டை அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். அண்ணன் சப்பாத்தைக் கழற்றி, பேப்பரை எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே ஜோடியாக வைத்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெடைக்கலம்மா. கை வேர்த்துருச்சி. சிப்ஸு வழுக்கி வுழுந்துருச்சி."

"நெட்டைக்கு?"

"அவனுக்குக் கெடச்சிருச்சி."

நெட்டை அண்ணன் குனிந்து உள்ளே வந்து என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். "மச்சான், ஒனக்கு நேரமாவலியா?" என்றான் அண்ணன். அவர் வாயை மூடிக்கொண்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே போனார்.

அப்பா சாயங்காலம் வந்தார். வாசலில் சப்பாத்து இருப்பதைப் பார்த்தார். அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"வேர்த்துச்சாமா? ஏர்கோன் போட்ட ஹோட்டல்ல?" என்றார். "டயரு கழட்டற கைக்கு டயருதான்லா."

அண்ணன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை எரியவில்லை, விரல் எல்லாம் ஆறிப்போயிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், வீட்டில் ஒரு கிளாஸ் உடைந்தாலும் அப்பா, "யாரு, வேர்வக் கையனா?" என்றுதான் கேட்பார். நானும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அண்ணனும் சிரிப்பான்.

அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முருகனுக்கு நன்றி சொன்னேன்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நெட்டை அண்ணன் கப்பலிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருந்தார். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கூடாரத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பார்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

"அன்னிக்கி எனக்கும் தேச்சுக் குடுத்திருந்தன்னா, நானும் இங்கயேதான் டயரு கழட்டிக்கிட்டு இருந்திருப்பேன் பாப்பா."

"ஏன்ணே அப்படிச் சொல்றீங்க?"

"ஏனா? ஏஜெண்டு புத்தம் புதுப் பெட்டியப் பிரிச்சிப் போட்டான். ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு ஒரே தூணு மாரி நிக்கிது. பள்ளமே இல்ல. இவன் வெரலு பள்ளத்தத் தேடுது. அஞ்சு போடச் சொன்னா நாலு வுழுது, ஏழு வுழுது. மூனாவது தடவ மொத்தமும் சரிஞ்சிருச்சி. எனக்குப் புதுசுலயே கீறிக் கீறிப் பழகுன கை, போட்டுட்டேன். எனக்கு அடுத்து எத்தன பேரு நின்னானுங்க, இவனுக்கு மட்டும் இன்னொரு தடவ குடுப்பானா?"

நான் கோப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய வந்து படியில உக்காந்தான். அப்பறம் எந்திரிச்சி, கை வேர்த்துருச்சின்னு சொல்லிக்கலாம் மச்சான்னான். நான் சரின்னேன்." அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கோப்பியைக் கீழே வைத்தார். "அவன் ஒன்கிட்ட சொல்லவே இல்லியா?"

சொல்லவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், சொல்லவே இல்லை.

இப்போது எனக்குத் தூக்கத்தில் வருவதெல்லாம் அந்த வருடத்துப் பொங்கல்தான். அண்ணன் தோற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. நாங்கள் ஹுத்தான் மெலிந்தாங்கில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே ஆற்றோரம் மீன்பிடிப் படகுகள் வந்து நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் நானும் பலகைத் துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். படகு ஒன்றிலிருந்து சீனர் ஒருவர் மீனைக் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் எதையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இதற்கு மேல் மறைத்தால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று தோன்றியது.

"அண்ணே, ஒன்னு சொன்னா அடிக்க மாட்டியே?"

"என்னா?"

"நீ கப்பலுக்குப் போவாதது என்னாலதான்."

அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"யாரு சொன்னா ஒன்கிட்ட? நெட்டை சொன்னானா?"

நெட்டை அண்ணனுக்கு எப்படி என் வேண்டுதல் தெரியும் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. "யாரும் சொல்லல. நாந்தான் முருகன்கிட்ட கேட்டேன். ஒனக்கு வேல கெடைக்கக் கூடாதுன்னு. கெடைக்காட்டி மொட்ட போடறேன்னு சொன்னேன். அதான் ஒன் கை வேர்த்துருச்சி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மூச்சை விட்டான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். மீன் இறக்கிக்கொண்டிருந்த சீனர் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்து சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அதானா பாப்பா? ஆமா. முருகன்தான் பண்ணிட்டாரு. நானும் என்னாடா இப்படி வேர்க்குதேன்னு பாத்தேன்."

"கோவமா?"

"சாமிகிட்ட போயி கோவப்பட முடியுமா? ஒத்துக்கிட்டபடி மொட்டைய போடு, போ."

எனக்குப் பாரமெல்லாம் இறங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சின்னம்மா சுட்டுக் கொடுத்த இறால் வடையை ஏழு தின்றேன்.

தைப்பூசம் வந்ததும்தான் எனக்கு வேறு பயம் பிடித்தது. புதுமுக வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருக்கிற பெரிய பள்ளி. அங்கே மொட்டைத் தலையோடு போக வேண்டும். அம்மாவுக்கு விஷயமே புரியவில்லை. "எதுக்குடி இந்த வயசுல மொட்ட? அப்படி என்னா வேண்டுதல்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முடியிறக்கும் கொட்டகையில் வரிசையில் நின்றபோது என் சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், எனக்குப் பக்கத்து மணையில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா?" என்றார் அம்மா.

"சும்மா. இவளுக்குத் துணைக்கி."

அவனுக்கு அப்போது தோள் வரைக்கும் முடி. புந்தோங் முழுக்க அந்த முடிக்காக அவனைத் தெரியும். என் முடி விழுவதற்கு முன்னால் அது விழுந்தது. ஆற்றுத் தண்ணீரில் குளித்து, தலையில் சந்தனம் பூசி, இரண்டு மொட்டையும் சேர்ந்து கூட்டத்துக்குள் நடந்தோம். தெரிந்தவர்கள் நிறுத்தி, என்ன வேண்டுதல் என்று கேட்டால், "நெனச்சது நடந்துருச்சி," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் அடிப்பான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

சன்னிதியில் அவன் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றான். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவன் நகரவில்லை. நான் அவன் கையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"அவ்ளோ நேரம் என்னாண்ணே கேட்ட?"

"ஒன்னும் கேக்கல. சொன்னேன்."

"என்னா சொன்ன?"

"என் தங்கச்சி தேச்ச மாரி இந்த ஊர்ல யாரும் தேய்க்க முடியாதுன்னு சொன்னேன்."

நான் தேய்த்தது முருகனுக்கே தெரிந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம் சொல்வதற்காகக் கூட்டத்துக்குள் அவனை விட்டுவிட்டு ஓடினேன்.